காய்ச்சல் இல்லாத இருமல்: ஸ்டீராய்டும் நெஞ்சுச் சளியும், கொஞ்சம் வரலாறு

நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நெஞ்சில் கிருமித் தொற்று வந்தால், அது வந்த மாதிரியே காட்டிக்கொள்ளாது. காய்ச்சல் அடிக்காது, அல்லது லேசாக மேல் சூடு மட்டும் இருக்கும். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் அது கிருமியால் கூடியதா மாத்திரையால் கூடியதா என்று உடனே சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டே அந்த எண்ணிக்கையை ஏற்றிவிடும். பசிகூட நன்றாகவே எடுக்கும். இருமல் மட்டும் போகாது.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த ஆர்வம் உண்டு. சிறுநீரக வடிகட்டிகளை உடம்பே தாக்கிக்கொள்கிற ஒரு நோய்க்காக ஐந்து வருஷமாக பிரெட்னிசோலோன் சாப்பிட்டு வருகிறேன். இப்போது தினம் 10 மில்லிகிராம். போன கார்த்திகையில் பிடித்த சளி தை பிறந்தும் விடவில்லை. வேலை வீட்டிலிருந்துதான் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை, மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு இருமிக்கொள்ளலாம். வீட்டில் அப்படி முடியாது. எங்க அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "ஏன்டா, அந்தச் சனியன் புடிச்ச மாத்திரையாலதான எல்லாம் வருது, அத விட்டுத் தொலைச்சா என்ன?"

தப்பான கேள்வி இல்லை. எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிற மாத்திரை, அமுங்கியதால் தொற்று, அப்போ மாத்திரையை நிறுத்து. தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர் நேர் எதிராகச் சொன்னார். எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க, காய்ச்சல் அடிச்சா ரெண்டு மூணு நாளைக்கு டோஸைக் கூட்டிச் சாப்பிட வேண்டியிருக்கும், எனக்குப் போன் பண்ணுங்க என்றார். கூடவே சளியை டிபிக்குப் பரிசோதிக்க எழுதிக்கொடுத்தார். இந்த மூன்றும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. தேடினால் அமெரிக்காவில் ஆரம்பித்து சேத்துப்பட்டு வழியாகத் தோப்பூரில் வந்து நிற்கிறது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு புதிய மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அட்ரீனல் சுரப்பியிலிருந்து கெண்டல் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்த பொருள் அது. மெர்க் கம்பெனி மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் வைத்து அதைத் தயாரித்தது. சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். அந்த மருந்துதான் கார்ட்டிசோன். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் நடுவில் இரண்டு வருஷம்தான். நோபல் கமிட்டி அவ்வளவு அவசரப்பட்டது அபூர்வம்.

பரிசு கொடுத்த ஈரம் காய்வதற்குள் மறுபக்கமும் தெரிய ஆரம்பித்தது. முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, சிலருக்கு மனம் பேதலித்தது. 1951-இலேயே, கார்ட்டிசோன் எடுத்துக்கொண்ட ஒருவருக்குக் காசநோய் கிளம்பிய விவரம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்துவிட்டது.

காரணம் இது. காசநோய்க் கிருமி பெரும்பாலானவர்களுக்குள் போனாலும் நோயாக மாறுவதில்லை. உடம்பு அதைக் கொல்ல முடியாமல், சுற்றிலும் செல்களை அடுக்கிக் கட்டிப் போட்டுவைக்கிறது. ஆயுசு முழுக்க அது அப்படியே கிடக்கலாம். அந்தக் காவலைத் தினமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். செய்வது ஒருவகை வெள்ளை அணுக்கள். ஸ்டீராய்டு அந்த அணுக்களையே அடக்குகிறது. நம் ஊரில் இந்தக் கிருமியை ஒரு தடவையாவது மூச்சில் இழுக்காமல் நடு வயதுக்கு வருவது சுலபமில்லை என்பதால், இது இங்கே ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2006-இல் வந்த ஓர் ஆய்வு, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கணக்கிட்டது. நாளைக்கு 15 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேலே என்றால் ஏழு மடங்கைத் தாண்டுகிறது. அம்மாவின் சந்தேகத்துக்கு எண்ணிக்கையில் ஆதாரம் இருக்கிறது.

சரி, அப்போ ஏன் நிறுத்தக் கூடாது? இதற்கான பதில் 1952-இல் வந்தது. முடக்குவாதத்துக்காகக் கார்ட்டிசோன் சாப்பிட்டு வந்த 34 வயது ஆள் ஒருவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. அதற்கு முன்பு மருந்தை நிறுத்தினார்கள், ஜாக்கிரதையாக இருப்போம் என்றுதான். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் இரண்டு அட்ரீனல் சுரப்பியும் சுருங்கிப் போயிருந்தன.

அட்ரீனல் சுரப்பி சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். உடம்புக்கு ஒரு நெருக்கடி வந்தால், காய்ச்சலோ அடிபடுவதோ அறுவையோ, அது கார்ட்டிசாலைப் பல மடங்கு சுரந்து சமாளிக்கும். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் மூளை அதற்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. சும்மா கிடக்கும் சுரப்பி சுருங்கிவிடும். மறுபடி விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம். ஆகவே நெஞ்சில் தொற்று இருக்கும்போது, அதாவது உடம்புக்கு அந்தச் சுரப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில், திடீரென்று மாத்திரையை விடுவது உள்ளதிலேயே ஆபத்தான காரியம். டோஸைக் கூட்டச் சொன்னது இதனால்தான். அம்மாவிடம் இதை, வேலைக்கு ஆள் வைத்த வீட்டில் பிள்ளைகளுக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் போவதைப் போல என்று சொன்னேன். "அது உன்னயச் சொல்லு" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

இனி சேத்துப்பட்டு. எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

1950-களின் நடுவில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் ஆரம்பித்தது, 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. (இங்கிலாந்தில் இவர் நடத்திய மெண்டிப் மலை சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜன் கொஞ்ச காலம் இருந்தார் என்பது தனிக் கதை.) ஆந்திராவில் மதனப்பள்ளி. மதுரைக்காரர்களுக்குப் பின்னாளில் ஆஸ்டின்பட்டி, அதாவது திருமங்கலம் ரோட்டில் தோப்பூர். காற்றோட்டம், முழு ஓய்வு, முட்டை, பால். மருந்து வந்துவிட்ட பிறகும் இந்த ஏற்பாடு இல்லாமல் குணமாகாது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. நாட்டில் லட்சக்கணக்கில் நோயாளிகள், படுக்கைகளோ சில ஆயிரங்கள். எல்லோருக்கும் சானடோரியம் கட்டி முடிக்க ஒரு நூற்றாண்டு ஆகும்.

1956-இல் சென்னை சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாலு பேரும் சேர்ந்து நடத்தியது. பொறுப்பாளராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது, கொஞ்சம் துணிச்சலானதும்கூட: சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற ஏழை நோயாளி, வீட்டிலேயே இருந்து மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதுமா?

193 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் தாம்பரம் அல்லது மதனப்பள்ளி சானடோரியத்தில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும், ஒரு வருஷத்துக்கு. பாஸ் என்பது விழுங்கவே குமட்டுகிற சமாச்சாரம். கொண்டுபோய் சாக்கடையில் கொட்டிவிட்டு "சாப்பிட்டேன்" என்று சொல்ல எல்லா நியாயமும் உண்டு. அதனால் ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக் கதவைத் தட்டி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இந்த இடம் ரொம்பவும் பிடித்தது. பயனர் சொல்வதை நம்பு, ஆனால் லாகைப் பார்.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. வருஷக் கடைசியில் வீட்டிலிருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டு நோயாளிகள் மட்டமாகச் சாப்பிட்டார்கள், அதிகம் நடமாடினார்கள், இடநெருக்கடியில் படுத்தார்கள். இவ்வளவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தும் படம் மாறவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இதைச் சுமந்தவர்கள் சென்னையின் ஏழைகள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தாம்பரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு 'சானடோரியம்' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதே மையம்தான், 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறிய பிறகு, என் விஷயத்துக்கு நேராக வருகிறது. நுரையீரல் காசநோய்க்கு 5 மாத, 7 மாதக் குறுகிய சிகிச்சைகளைச் சோதித்தபோது, கூடவே இன்னொரு கேள்வியையும் போட்டார்கள். நோயாளிகளில் குலுக்கிப் பிரித்த ஒரு பாதிக்கு முதல் 8 வாரம் பிரெட்னிசோலோனும் கொடுத்தார்கள். முதலில் படிக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிபியைக் கிளப்பிவிடும் மருந்தை டிபி நோயாளிக்கே கொடுப்பதா?

யோசித்துப் பார்த்தால் கேள்வி சரியானதே. காசநோயில் நுரையீரலைக் கெடுப்பது கிருமி மட்டும் இல்லை, கிருமியோடு உடம்பு போடுகிற சண்டையும்தான். கிருமியை மருந்து கொன்றுகொண்டிருக்கும்போது சண்டையைக் கொஞ்சம் அடக்கினால் சீக்கிரம் தேறுமா? 1983-இல் டியூபர்கிள் இதழில் வந்த முடிவு: சளியில் கிருமி ஒழிவதில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. பெரிய நன்மை ஒன்றுமில்லை என்றுதான் மருத்துவர்கள் இதைப் படித்திருப்பார்கள். பயந்துபோன நோயாளியாக நான் படித்தது வேறு மாதிரி. சரியான மருந்துகளின் காவல் இருக்கும்போது, எட்டு வார ஸ்டீராய்டு குணமாவதைத் தடுக்கவும் இல்லை. ஆபத்து ஸ்டீராய்டில் மட்டும் இல்லை, தொற்று இருப்பது தெரியாமல், அதற்கு மருந்தில்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போய்க்கொண்டிருப்பதில் இருக்கிறது. டாக்டர் மாத்திரையை நிறுத்தாமல் சளியைப் பரிசோதிக்கச் சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிந்தது.

மூளைக்காய்ச்சலாக வருகிற டிபியில் ஸ்டீராய்டு உயிரையே காப்பாற்றுகிறது. 2004-இல் வியட்நாமில் 545 பேரிடம் செய்த ஆய்வில் டெக்சாமெத்தசோன் கொடுத்தவர்களில் 32 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 41.

ஒரு சின்னச் சிக்கல் இங்கே உண்டு, ஸ்டீராய்டு சாப்பிடுகிற யாருக்காவது டிபி மருந்து ஆரம்பிக்கும்போது இது முக்கியம். டிபி சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு பிரெட்னிசோலோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். 10 மில்லிகிராம் சாப்பிட்டாலும் உடம்புக்குப் பாதிதான் கிடைத்த மாதிரி. அதனால் டோஸை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் பழைய நோய் தலைதூக்கும், அல்லது அந்த 1952 ஆளின் கதைதான். ஆகவே எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை டிபி மருந்து கொடுக்கிற இடத்தில் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இதில் இன்னொரு வேடிக்கை. அட்ரீனல் சுரப்பி கெட்டால் ஆள் சாவான் என்று முதலில் எழுதியவர் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன், 1855-இல். அவர் பார்த்த நோயாளிகளில் பல பேருக்கு அந்தச் சுரப்பியைத் தின்றிருந்தது காசநோய்தான். ஆக டிபியும் அட்ரீனலும் கார்ட்டிசோன் கண்டுபிடிப்பதற்கு நூறு வருஷம் முன்பே சம்பந்திகள்.

2020-க்கு வருவோம். ஜூன் மாதம் பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம் பத்து நாள் வரை கொடுத்தால், வென்டிலேட்டரில் இருக்கும் கொரோனா நோயாளிகளில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜனில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு என்று அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் முதல் பாதிதான் பரவியது. 2021 இரண்டாம் அலையில் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்களும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கினார்கள், பத்து நாள் கணக்கும் இல்லை, சர்க்கரையையும் யாரும் பார்க்கவில்லை. அந்த மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சையை அறிவிக்க வேண்டிய நோயாக அரசு ஆக்கியது. நம்ம பெரிய ஆஸ்பத்திரியிலும், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையிலும், அதற்குத் தனி வார்டு நடந்தது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் கணக்கில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பூஞ்சை அதிகம் பிடித்தது. காற்றிலும் மண்ணிலும் எப்போதும் இருப்பதுதான் அது, வெளியூரிலிருந்து வரவில்லை.

அதே மே மாதத்தில் தோப்பூரில், பழைய நெஞ்சக மருத்துவமனை வளாகத்தை ஒட்டி, 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு தற்காலிகக் கொரோனா மையம் திறந்தார்கள். காற்றோட்டத்துக்காக ஊருக்கு வெளியே கட்டிய இடம். சேத்துப்பட்டு ஆய்வு தேவையில்லை என்று சொன்ன படுக்கைகளுக்கு அறுபது வருஷம் கழித்து இப்படி ஒரு தேவை வந்தது. அந்த நேரத்தில் படுக்கை கிடைத்தவர்களிடம் போய் சானடோரியம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

மதுரையைச் சுற்றி வயல்வேலை செய்கிறவர்களுக்காக ஒன்று. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் தோல் வழியாக ஏறுகிற ஒரு நூல் புழு உண்டு, ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று பெயர். மற்றக் குடல் புழுக்கள் கொஞ்ச காலத்தில் செத்துப்போகும், இது உள்ளேயே பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கும். பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. ஸ்டீராய்டு ஆரம்பித்தால் சிலருக்குக் கட்டவிழ்ந்து நுரையீரல் வரைக்கும் பரவும், கொல்லவும் செய்யும். மேலூர்ப் பக்கத்து வயலில் நாற்று நட்டு வளர்ந்த ஒருவருக்கு மூட்டு வலிக்காக ஸ்டீராய்டு எழுதும்போது இந்தக் கேள்வி எழ வேண்டும். நகரத்து டாக்டருக்கு அவர் வயலில் நின்ற கதை தெரியாது, நாமாகத்தான் சொல்ல வேண்டும். அதைவிட மோசம், என்ன மருந்து என்றே தெரியாமல் பொட்டலத்தில் வருகிற மூட்டுவலிப் பொடிகளும் ஆஸ்துமாப் பொடிகளும். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல தடவை பரிசோதனையில் வெளிப்பட்டிருக்கிறது. சாப்பிடுகிறவருக்குத் தான் ஸ்டீராய்டில் இருப்பதே தெரியாது. பொடி தீர்ந்து நிறுத்தும்போது மயக்கம் போட்டு விழுவார், ஏன் என்று யாருக்கும் புரியாது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிபிநாட் பரிசோதனை, அதாவது சளியில் டிபி கிருமியின் மரபணுவையே தேடுவது, இரண்டு மணி நேர வேலை. அரசு மையங்களில் காசில்லாமல் செய்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஆழ இருமி எடுக்கிற சளிதான் வேண்டும், எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. கொடுக்கும்போது திறந்த வெளியில் நின்று எடுக்கச் சொல்வார்கள். எனக்கு 'இல்லை' என்று வந்தது. சாதாரணப் பாக்டீரியாதான், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் தங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் மூன்று வாரம், தினம் இரண்டு வேளை தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுத்துச் சளியை இறக்குவது, ஆவி பிடிப்பது. பேரன் பேத்தி வயசில் அம்மா எனக்குச் செய்ததையே இப்போது பிஸியோதெரபிஸ்ட் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தந்தார், முதுகில் தட்டுவது உட்பட. தட்டும் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார், கொஞ்சம் பலமாகவே.

ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் போய்விட்டது. நிமோனியா தடுப்பூசியும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மாத்திரைப் பெட்டியில், மயங்கிக் கிடந்தாலும் யாராவது பார்க்கிற மாதிரி, 'ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், நிறுத்தக் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பக்கம் அம்மா கையெழுத்து.

சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மதுரையிலும் பெரிய ஆஸ்பத்திரியில் அதன் பிரிவு ஒன்று இருக்கிறது. 1915 வாக்கில் தொடங்கி, 1948-இல் இந்தியாவின் முதல் பிசிஜி தடுப்பூசிகள் போடப்பட்ட மதனப்பள்ளியைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. அது அடுத்த குறிப்பில்.